பாலினச் சமத்துவக் கொள்கையில் குறுக்குவெட்டுப் பார்வை: வரைவு முதல் கண்காணிப்பு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பாலினச் சமத்துவம், வன்முறைத் தடுப்பு என்று எந்தக் கொள்கை ஆவணத்தை எடுத்தாலும் முன்னுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கும்: "ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிப் பெண்கள், புலம்பெயர்ந்த பெண்கள், சிறுபான்மைப் பெண்கள் ஆகியோருக்குச் சிறப்புக் கவனம் அளிக்கப்படும்." அதற்குப் பிறகு கடைசிப் பக்கம் வரை புரட்டினாலும் அந்தப் பெண்கள் திரும்ப வருவதில்லை. உதவி எண், காப்பகம், புகார்க் குழு, நீதிமன்றம் எல்லாமே ஒரே ஒரு பெண்ணை மனதில் வைத்து எழுதப்பட்டிருக்கும். அவளுக்குச் சொந்தமாகப் போன் இருக்கும். அலுவலக மொழி தெரியும். படியேற முடியும். அடையாள அட்டை கையில் இருக்கும். போலீஸைக் கண்டு ஒதுங்க வேண்டிய காரணம் எதுவும் இருக்காது.

கொள்கை எழுதுகிறவர்களுக்கும், எழுதிய வரைவைப் பரிசீலிக்கும் குழுக்களுக்குமானது இந்த வழிகாட்டி. அரசுத் துறை, உள்ளாட்சி, தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம், கம்பெனி என்று எதற்கும் பொருந்தும். பெண்களை வகை பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டால் இன்டர்செக்ஷனாலிட்டி, அதாவது பல ஒடுக்குமுறைகள் ஒரே ஆளிடம் சந்திப்பதைப் பார்க்கும் குறுக்குவெட்டுப் பார்வை, வந்துவிட்டது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எந்த இரண்டு விதிகள் சேரும்போது ஒருத்திக்கு வழி அடைபடுகிறது என்று கண்டுபிடிப்பதும், அந்த விதிகளை மாற்றுவதும்தான் இதில் உள்ள வேலை.

முதலில் கொஞ்சம் பின்னணி

1970களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு பணிமூப்பு அடிப்படையில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியாகச் சேர்ந்த அவர்கள்தான் முதலில் வெளியே போனார்கள். 1976இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நிறுவனம் பெண்களை எடுத்திருக்கிறது, எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது. இனப் பாகுபாட்டைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு பாதுகாப்பு கேட்க முடியாது என்றும் சொன்னது. அலுவலகத்தில் இருந்த பெண்கள் வெள்ளையர்கள், தொழிற்சாலையில் இருந்த கறுப்பினத்தவர்கள் ஆண்கள். நடுவில் இருந்தவர்கள் சட்டத்தின் கண்ணில் படவில்லை.

சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இன்டர்செக்ஷனாலிட்டி என்ற சொல்லை முன்வைத்தபோது அலசிய வழக்குகளில் இதுவும் ஒன்று. 1991இல் இதே பார்வையைப் பெண்கள் மீதான வன்முறைக்குக் கொண்டுபோனார். அதற்கு முன்பே, 1977இல், கம்பாஹி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்ணியக் குழு, இனம், பாலினம், வர்க்கம், பாலீர்ப்பு ஆகியவற்றின் ஒடுக்குமுறைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று அறிக்கை வெளியிட்டிருந்தது.

இன்று இது சர்வதேசச் சட்டத்திலும் இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கையின் குழு, 2010இல் வெளியிட்ட 28ஆம் பொதுப் பரிந்துரையில் அரசுகள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்றது. பாலின வன்முறை பற்றிய 35ஆம் பரிந்துரை 2017இல் அதை விரித்தது. பெண்கள் மீதான வன்முறை பற்றி ஐரோப்பிய கவுன்சில் 2011இல் கொண்டுவந்த இஸ்தான்புல் உடன்படிக்கையில் 4ஆம் பிரிவு, இனம், மொழி, மாற்றுத்திறன், குடியேற்ற நிலை என்று எந்தப் பாகுபாடும் இல்லாமல் பாதுகாப்பு தரச் சொல்கிறது. "இதெல்லாம் எங்கிருந்து வருகிறது?" என்று மேலதிகாரி கேட்டால் இந்த மூன்றையும் காட்டலாம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"பெண்கள் மீதான வன்முறை" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. எந்த வன்முறை, எங்கே, அதில் உங்கள் அமைப்புக்கு என்ன அதிகாரம் என்று மூன்று வரியில் எழுதுங்கள். பணியிடத் துன்புறுத்தலா, குடும்ப வன்முறையா, பராமரிப்பு இல்லங்களில் நடப்பதா? ஒரு கம்பெனிக்குக் காப்பகம் கட்டும் வேலை இல்லை. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளியின் புகாரை யார் வாங்குவது என்று அதனால் முடிவு செய்ய முடியும்.

படி 2: அடையாளங்களைத் தேடாமல் அதிகார உறவுகளைத் தேடுங்கள்

சாதி, இனம், வர்க்கம், மாற்றுத்திறன், வயது, மதம், மொழி, குடியுரிமை, பாலீர்ப்பு, பாலின அடையாளம், வசிக்கும் இடம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் எழுதினால் எதையும் செய்ய மாட்டோம். உங்கள் களத்தில் யார் யாரைச் சார்ந்து இருக்கிறார்கள் என்று கேளுங்கள். விசா யார் கையில்? வீட்டு வாடகை ஒப்பந்தம் யார் பெயரில்? மருந்து கொடுப்பது யார்? சம்பளத்தைக் கையில் தருவது யார்? புகார் வாங்கும் அதிகாரி எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்?

வீட்டோடு தங்கி வேலை செய்யும் புலம்பெயர்ந்த தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். முதலாளி, வீட்டுச் சொந்தக்காரர், விசாவுக்கு ஜாமீன் நிற்பவர் மூவரும் ஒரே ஆள். அவரே தவறாக நடந்தால், புகார் கொடுக்கும் அன்றே அவளுக்கு வேலை, கூரை, நாட்டில் இருக்கும் உரிமை மூன்றும் போய்விடும். "பெண்", "புலம்பெயர்ந்தவர்", "முறைசாராத் தொழிலாளி" என்று மூன்று கட்டங்களில் டிக் அடித்தால் இது தெரிய வராது. இப்படியான நான்கைந்து உறவுகளைத் தேர்ந்தெடுத்து, ஏன் இவற்றைத் தேர்ந்தோம் என்று காரணத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு யாராவது கேட்பார்கள்.

வன்முறை செய்பவரின் பக்கத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். செல்வாக்குள்ளவர் என்றால் புகார் நகராது. ஒடுக்கப்பட்ட சமூகத்து ஆண் என்றால் போலீஸ் அளவுக்கு மீறிப் போகலாம், அந்தப் பயத்திலேயே மனைவி வாயைத் திறக்காமல் இருக்கலாம்.

படி 3: தரவு, அதில் இல்லாதவர்கள்

உலக சுகாதார அமைப்பின் கணக்கில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பெண் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையையோ, துணைவர் அல்லாதவரின் பாலியல் வன்முறையையோ சந்தித்திருக்கிறாள். இது ஒரு சராசரி. சராசரியைக் கொண்டு கொள்கை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு பரிசோதனை நடந்தது. குடும்ப வன்முறைப் புகாரில் ஆணைக் கைது செய்தால், சும்மா எச்சரித்து அனுப்புவதைவிட மறுபடி அடிப்பது குறைகிறது என்று 1984இல் முடிவு வெளியானது. பல மாநிலங்கள் கைதைக் கட்டாயமாக்கின. பிறகு வேறு நகரங்களில் அதே பரிசோதனையைச் செய்து பார்த்தபோது படம் மாறியது. மில்வாக்கியில், வேலையில் இருந்த ஆண்களிடம் கைது வன்முறையைக் குறைத்தது, வேலையில்லாத ஆண்களிடம் கூட்டியது. ஏழைக் குடியிருப்புகளில் இருந்த பெண்களுக்கு அந்த "நல்ல" கொள்கையே ஆபத்தாகியிருக்கிறது. தரவைப் பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் இது வெளியே வந்திருக்காது.

ஆகவே, கையில் இருக்கும் எண்களைக் குறைந்தது இரண்டு காரணிகளால் குறுக்காகப் பிரியுங்கள். வயதால் தனியாக, வருமானத்தால் தனியாக என்று பார்த்தால் போதாது, வயதும் வருமானமும் சேர்ந்து என்று பாருங்கள். அப்புறம் தரவில் யார் இல்லை என்று கேளுங்கள். பல நாடுகளின் மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புகள் வன்முறை பற்றி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களிடம்தான் கேட்டு வந்திருக்கின்றன. அறுபது வயதுப் பெண்ணை மகன் அடிப்பது அதில் பதிவாகாது. வீடு வீடாகப் போகும் எந்தக் கணக்கெடுப்பிலும் விடுதி, மனநலக் காப்பகம், சிறை, தெருவோரம் என்று இருப்பவர்கள் விடுபடுகிறார்கள்.

மாற்றுத்திறன் பற்றிக் கேட்கும் முறையும் முக்கியம். "நீங்கள் மாற்றுத்திறனாளியா?" என்று நேரே கேட்டால் பலர் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். மாற்றுத்திறன் புள்ளிவிவரங்களுக்கான ஐ.நா.வின் வாஷிங்டன் குழு வகுத்த ஆறு கேள்விகள் பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது, தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரோடு தொடர்புகொள்வது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்கின்றன. இவை பரவலாகப் பயன்படுகின்றன, இலவசம். ஆனால் மனநலச் சிக்கல்களை இவை சரியாகப் பிடிப்பதில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

எண் சிறியதாக இருந்தால்? "காது கேளாத, பதின்வயது, சிறுபான்மைப் பெண்" என்று பிரித்தால் கட்டத்தில் மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அதை வெளியிட்டால் அந்த மூன்று பேரும் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும், வெளியிடாதீர்கள். அந்த இடத்தில் நேர்காணல், வழக்குக் கோப்புகள், களப்பணியாளர்களின் அனுபவம் ஆகியவற்றுக்குப் போங்கள். எண் சிறியது என்பதாலேயே பிரச்சினை சிறியது என்று எழுதிவிடாதீர்கள்.

நேர்காணல் என்றால் பாதுகாப்பு முதலில். தனிமையில் மட்டும் பேச வேண்டும், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்க வேண்டும், பேசி முடித்தபின் கைகாட்ட ஓர் உதவி இடம் தயாராக இருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் நெறிமுறைகள் நெடுநாளாகச் சொல்லி வருவது இதுதான். பராமரிப்பாளரை மொழிபெயர்க்க வைப்பது இதில் அடிக்கடி நடக்கும் விபத்து. அடிப்பவரே அந்தப் பராமரிப்பாளராக இருக்கலாம்.

படி 4: வழியை நடந்து பாருங்கள்

மொத்த வேலையில் பாதி நேரத்தை இதற்கு ஒதுக்கலாம் என்பேன். ஒரு பெரிய தாளில் வன்முறை நடந்த நிமிடத்திலிருந்து அவள் தன் காலில் நிற்கும் வரை உள்ள பாதையை வரையுங்கள்: யாரிடமாவது சொல்வது, உதவியை எட்டுவது, நம்பப்படுவது, மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு ஆணை, தங்க இடம், விசாரணை, வருமானம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே கேள்விதான்: இங்கே அவளிடம் ஏற்கெனவே என்ன இருக்க வேண்டும் என்று இந்த விதி எதிர்பார்க்கிறது?

சில உண்மை நிகழ்வுகளைப் பார்த்தால் கேள்வியின் கூர்மை புரியும்.

பிலிப்பைன்ஸில் வாய்பேசாத, காது கேளாத 17 வயதுப் பெண் ஒருத்தி பாலியல் வன்புணர்வுக்கு ஆளானாள். விசாரணை வருடக்கணக்கில் இழுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் 2011இல் விடுதலையானார். விசாரணையின் சில கட்டங்களில் அவளுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அரசு தரவில்லை. ஏன் கத்தவில்லை, ஏன் தப்பி ஓடவில்லை என்பதெல்லாம் தீர்ப்பில் அவளுக்கு எதிராக எடைபோடப்பட்டன. 2014இல், மேலே சொன்ன அதே ஐ.நா. குழு, அவள் பெண் என்பதும் காது கேளாதவள் என்பதும் கணக்கில் எடுக்கப்படவில்லை என்று கூறி அரசைப் பொறுப்பாக்கியது. மொழிபெயர்ப்பு என்ற ஒரு வசதி இல்லாததும், "உண்மையான பாதிக்கப்பட்டவள் எதிர்த்திருப்பாள்" என்ற முன்முடிவும் சேர்ந்து செய்த வேலை இது.

கிரென்ஷா தன் 1991ஆம் ஆண்டுக் கட்டுரையில் சொல்லும் நிகழ்வு இன்னொன்று. கணவனின் மிரட்டலுக்குப் பயந்து மகனோடு ஓடிவந்த ஸ்பானிஷ் மொழிப் பெண்ணைக் காப்பகம் சேர்க்க மறுத்தது. குழு ஆலோசனை ஆங்கிலத்தில் நடக்கும், அவளால் கலந்துகொள்ள முடியாது என்பது காரணம். இந்த விதியை எழுதியவர்கள் யாரையும் விலக்க நினைத்திருக்க மாட்டார்கள். குழு ஆலோசனை நல்லதென்று நம்பித்தான் எழுதியிருப்பார்கள்.

அதே கட்டுரையில் வரும் இன்னொரு விஷயம் குடியேற்றச் சட்டம். அமெரிக்கா 1986இல் போலித் திருமணங்களைத் தடுக்க ஒரு திருத்தம் கொண்டுவந்தது. குடிமகனை மணந்து வந்த பெண், நிரந்தர வசிப்புரிமை பெற இரண்டு ஆண்டுகள் திருமணத்தில் நீடிக்க வேண்டும். அடிபட்டாலும் பொறுத்துக்கொள் என்று சட்டமே சொன்ன மாதிரி ஆனது. 1990இல் விலக்கு வந்தது. ஆனால் போலீஸ், மருத்துவர், உளவியலாளர் போன்றோரின் ஆவணங்கள் ஆதாரமாகக் கேட்கப்பட்டன. மொழி தெரியாத, கணவனைத் தாண்டி வெளி உலகத் தொடர்பே இல்லாத பெண்ணிடம் அவை எங்கிருந்து இருக்கும்? விலக்கு கொடுப்பதோடு வேலை முடியவில்லை, அந்த விலக்கையும் பாதையில் வைத்து நடந்து பார்க்க வேண்டும்.

சில நேரம் தடை இரண்டு அதிகார எல்லைகளுக்கு நடுவில் இருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978இல், பழங்குடிகள் தாங்களே நடத்தும் நீதிமன்றங்கள் பழங்குடியல்லாதவர்களைக் குற்ற வழக்கில் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. பழங்குடி நிலத்தில் பழங்குடிப் பெண்ணை அடிக்கும் வெளியாளை அவளுடைய சொந்த நீதிமன்றம் தொட முடியாத நிலை 2013 வரை நீடித்தது. அந்த ஆண்டுச் சட்டத் திருத்தம்தான் குடும்ப வன்முறை வழக்குகளில் ஓரளவு வழி திறந்தது. உங்கள் வரைவிலும் "இது எங்கள் துறைக்கு வராது" என்று இரண்டு துறைகளும் சொல்லக்கூடிய இடம் எது என்று தேடுங்கள். முக்கால்வாசி வரைவுகளில் குறைந்தது ஒன்று கிடைக்கும்.

நடந்து பார்க்கும்போது கேட்க வேண்டிய இன்னும் சில கேள்விகள். உதவி எண் குரல் அழைப்பு மட்டும்தானா, குறுஞ்செய்தி உண்டா? பதின்வயது மகனோடு வரும் தாயைக் காப்பகம் சேர்க்குமா? திருநங்கை வந்தால் யாருடைய முடிவு? சக்கர நாற்காலி உள்ளே வருமா, குளியலறை வரை போகுமா? மனநல மருந்து எடுப்பவர்களை "நிர்வகிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பும் விதி உள்ளதா? போலீஸ் புகார் கொடுத்தால்தான் இடம் என்று நிபந்தனை உள்ளதா? இரவு வேலைக்குப் போகிறவளைக் காப்பகத்தின் வாசல் மூடும் நேரம் என்ன செய்யும்?

படி 5: பாதையில் நடந்தவர்களைக் கூப்பிடுங்கள்

அலுவலக நேரத்தில் ஒரு ஆலோசனைக் கூட்டம் போட்டு, ஒரு மாற்றுத்திறனாளிப் பெண்ணையும் ஒரு பழங்குடிப் பெண்ணையும் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்வது கலந்தாலோசனை ஆகாது. வரைவு முடிவதற்கு முன்பே கூப்பிடுங்கள். அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள், பயணச் செலவும் குழந்தை பார்த்துக்கொள்ள ஏற்பாடும் சேர்த்து. ஒருவரை முழுச் சமூகத்தின் குரலாக்காதீர்கள். அதே சமூகத்தின் ஆண் தலைவர்களிடம் மட்டும் கேட்டுவிட்டு வருவதும் வழக்கமான பிழை. தன் கதையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். விதியைக் காட்டி "இது உங்களிடம் எங்கே உடையும்?" என்று கேட்டால் போதும், இன்னும் தெளிவான பதில் வரும். சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் திருப்பிக் கொடுங்கள். இதைச் செய்கிற அமைப்புகள் குறைவு.

படி 6: வாக்கியங்களைத் திருத்துங்கள்

வரைவில் "சிறப்புக் கவனம்", "உரிய முக்கியத்துவம்", "இயன்றவரை" என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் யார், என்ன, எத்தனை நாளில், எந்த நிதியில் என்ற நான்கும் வரும்படி மாற்றி எழுதுங்கள்.

"மாற்றுத்திறனாளிப் பெண்களின் புகார்களுக்கு உரிய முக்கியத்துவம் அளிக்கப்படும்" என்பதை இப்படி மாற்றலாம்: "புகார்தாரர் கேட்டால், புகார் பெறும் அதிகாரி 24 மணி நேரத்துக்குள் தகுதி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்ய வேண்டும். செலவு அமைப்பினுடையது. குடும்பத்தினரையோ பராமரிப்பாளரையோ மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது."

"அனைத்துப் பெண் ஊழியர்களும் புகார் அளிக்கலாம்" என்பதில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறாளா? எழுதாவிட்டால் இல்லை. "நேரடியாகவோ, ஒப்பந்ததாரர் மூலமாகவோ, பயிற்சியாளராகவோ, ஊதியமின்றியோ பணிபுரியும் எவரும்" என்று எழுதுங்கள். புகாரால் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போனால் அது பழிவாங்கல் என்று கருதப்படும் என்றும் சேருங்கள்.

சட்டமாக எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாகுபாட்டின் காரணங்களைப் பட்டியலிட்டு "அல்லது" போட்டால் அந்த ஜெனரல் மோட்டார்ஸ் பிரச்சினை திரும்ப வரும். "இவற்றில் ஒன்றின் அல்லது பலவற்றின் கூட்டு விளைவால்" என்று எழுத வேண்டும். பிரிட்டனின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தில் இரண்டு காரணங்கள் சேர்ந்த பாகுபாட்டுக்கென 14ஆம் பிரிவு எழுதப்பட்டது, ஆனால் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. தாளில் இருந்தும் பயன்படாத பிரிவு.

நிரூபிக்கும் சுமையும் இதே மாதிரி. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீதான பாலியல் வன்முறை வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2021இல் குறுக்குவெட்டு ஒடுக்குமுறை பற்றி விரிவாக எழுதியது. பாலியல் வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை ரத்து செய்ய வேண்டியிருந்தது. குற்றம் நடந்த காலத்துச் சட்டம், அவள் சாதியின் காரணமாகத்தான் அது நடந்தது என்று நிரூபிக்கச் சொன்னது. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், சாதி தெரிந்திருந்தால் போதும் என்று மாற்றியிருந்தது. அந்த வழக்குக்கு அது பொருந்தவில்லை. ஒரு சொற்றொடரின் எடை இவ்வளவு.

படி 7: தடுப்புத் திட்டங்கள்

தடுப்பு என்றால் போஸ்டரும் பேரணியும் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் நடந்த இமேஜ் திட்டம் ஏழைப் பெண்களுக்குச் சிறுகடனையும், பாலினம், எச்.ஐ.வி. பற்றிய பயிற்சிக் கூட்டங்களையும் சேர்த்துக் கொடுத்தது. 2006இல் வெளியான ஆய்வின்படி, இரண்டு ஆண்டுகளில் துணைவரின் வன்முறை 55 சதவீதம் குறைந்தது. வறுமையையும் பாலின அதிகாரத்தையும் ஒரே கூட்டத்தில் பேசியதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. பெண்கள் அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து 2019இல் வெளியிட்ட ஏழு உத்திகள் கொண்ட கட்டமைப்பிலும் வறுமைக் குறைப்பு ஒரு தனி உத்தி.

பள்ளி வழியாகத் தடுப்பு என்று எழுதினால், பள்ளியை விட்டு நின்றவர்களுக்கு என்ன என்பதையும் எழுதுங்கள்.

படி 8: பட்ஜெட்

சுருக்கமாகச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர், சாய்தளம், இரவுப் போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, பயிற்சி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு வேண்டும். "பொதுச் செலவினங்கள்" என்ற தலைப்பில் போட்டால் நிதி குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான்.

படி 9: கண்காணிப்பு

எத்தனை பேர் உதவி எண்ணை அழைத்தார்கள் என்பது பயனற்ற எண். எந்த நிறுத்தத்தில் யார் விழுந்தார்கள் என்று எண்ணுங்கள். புகாரிலிருந்து பாதுகாப்பு ஆணை வரை எடுத்த நாட்களைப் பிரித்துப் பாருங்கள். மொத்தத்தில் குறைந்திருந்தும், ஆவணம் இல்லாத பெண்களுக்குக் கூடியிருக்கலாம். காப்பகம் யாரைத் திருப்பி அனுப்பியது, என்ன காரணம் என்று ஒரு பதிவேடு வைத்தால் போதும், படி 4இல் தவறவிட்டவை ஆறு மாதத்தில் தெரியும்.

இந்தத் தகவலே ஆயுதமாகவும் மாறலாம். சாதி, மதம், பாலின அடையாளம், குடியேற்ற நிலை ஆகியவற்றைச் சேகரிக்கும் முன் அது யார் கைக்குப் போகும் என்று முடிவு செய்யுங்கள். உதவி கேட்டு வந்தவரின் விவரத்தைக் குடியேற்றத் துறையோடு பகிரக் கூடாது என்ற தடையைக் கொள்கையிலேயே எழுத வேண்டும். அலுவலர்களின் நல்லெண்ணத்தை நம்பி விடக் கூடாது.

"இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது?"

எல்லாக் குழுவிலும் ஒருவர் இதைக் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். எத்தனை வகைப் பெண்கள் இருக்கிறார்களோ அத்தனை திட்டம் யாரும் கேட்கவில்லை. விதியில் ஒளிந்திருக்கும் நிபந்தனையை எடுத்தால் பலருக்கும் ஒரே நேரத்தில் வழி கிடைக்கும். குறுஞ்செய்தி வழி உதவி எண், காது கேளாதவளுக்கு மட்டும் உதவுவதில்லை, பக்கத்து அறையில் கணவன் இருக்கும்போது குரல் எழுப்ப முடியாதவளுக்கும் அதுதான் வழி. போலீஸ் புகார் இல்லாமலே காப்பகத்தில் இடம் என்று மாற்றினால் புலம்பெயர்ந்தவள், பாலியல் தொழிலாளி, திருநங்கை, உள்ளூர்ப் பெரும்புள்ளியின் மனைவி நால்வரும் உள்ளே வரலாம்.

நிதியும் ஆளும் குறைவாக இருந்து எங்காவது ஓரிடத்தில்தான் தொடங்க முடியும் என்றால், காப்பகத்தின் சேர்க்கை விதிகளிலோ புகார்க் குழுவின் வரையறைகளிலோ தொடங்குங்கள். இரண்டும் பெரும்பாலும் சில பக்கங்கள்தான், அவற்றைத் திருத்துவதற்குப் பாராளுமன்றம் தேவையில்லை. அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தப் பக்கங்களை மட்டும் இணைத்து அனுப்பினால் ஒரே அமர்வில் பார்த்துவிடலாம்.